கோடை விடுமுறையில் ஆய்வகத்துக்குப் போவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மே முதல் ஜூலை வரையிலான விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு மாதம் ஒரு தேசிய ஆய்வகத்தில் இருந்து வேலை கற்றுக்கொள்ளலாம். அதற்கு அவர்களே உதவித்தொகை தருவார்கள். பல இடங்களில் தங்க விடுதி கிடைக்கும், போகவர ரயில் கட்டணமும் கிடைக்கும். இதைக் காரிமங்கலத்திலோ ஊத்தங்கரையிலோ ஒரு வீட்டில் போய்ச் சொன்னால், "யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள், முன்பணம் ஏதும் கட்டிவிடாதே" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல மாட்டேன். இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் மாணவர்களிடம் பணம் பிடுங்கிச் சான்றிதழ் விற்கும் கடைகள் நிறைய முளைத்திருக்கின்றன. ஆனால் உண்மையான திட்டங்களும் ஆண்டுதோறும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் நம் இரண்டு மாவட்டங்களின் பெயர் அரிதாகவே தென்படுகிறது.

இத்தனைக்கும் நமக்கு இடவசதி சாதகம். நாட்டின் முக்கியமான ஆய்வு நிறுவனங்களில் பல பெங்களூருவில் இருக்கின்றன. ஓசூரிலிருந்து அந்த நகரம் சுமார் 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90, தருமபுரியிலிருந்து 140. சென்னை நமக்கு இதைவிட வெகு தூரம். மல்லேஸ்வரம் பக்கம் இந்திய அறிவியல் நிறுவனம், சதாசிவ நகரில் ராமன் ஆய்வு நிறுவனம், ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், பல்லாரி சாலையில் தேசிய உயிரியல் அறிவியல் மையம், கோரமங்களாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்று வரிசையாகச் சொல்லலாம். வேலை தேடிப் பெங்களூரு போகும் பஸ்ஸில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. ஆய்வுக்காகவும் அதே பஸ்ஸில் ஏறலாம் என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆசிரியர் என்ற முறையில் நான் பார்த்தவரை, நம் மாணவர்கள் வாய்ப்பை இழப்பது பெரும்பாலும் மதிப்பெண் குறைவதால் இல்லை. ஏப்ரலில் தேடத் தொடங்குவதால்தான். கோடைக்கான கதவுகள் அதற்கு முந்தைய அக்டோபரில் திறந்து, மார்ச்சுக்குள் ஏறக்குறைய எல்லாமே மூடிவிடுகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையை எந்த மாதத்தில் படித்தாலும் அடுத்த அக்டோபரை மனதில் வைத்துப் படியுங்கள்.

பணம் தருபவை, தராதவை, கேட்பவை

கோடைப் பயிற்சி என்று அறிவிக்கப்படும் எல்லாவற்றையும் முதலில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உதவித்தொகை தருபவை முதல் வகை. பணம் தராமல் இலவசமாகக் கற்றுத்தருபவை இரண்டாவது. உங்களிடமே கட்டணம் வாங்குபவை மூன்றாவது. மூன்றாவது வகை எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. சில அரசு ஆய்வகங்களும் திட்டப்பணிக்கு வரும் மாணவர்களிடம் முறைப்படி ரசீது கொடுத்துக் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் ஒரு மாணவர் அதற்குப் பணம் புரட்ட வேண்டிய தேவை இல்லை. முதல் வகையை முயன்று பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் இரண்டாவது வகைக்குப் போங்கள்.

மோசடியைக் கண்டுபிடிக்கச் சில எளிய அடையாளங்கள் உண்டு. உண்மையான ஆய்வு நிறுவனங்களின் இணைய முகவரி பெரும்பாலும் ஏசி.இன், ரெஸ்.இன், ஜிஓவி.இன் என்று முடியும். தேர்வாகிவிட்டீர்கள், இருக்கையை உறுதிசெய்ய இன்றைக்குள் பணம் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவது எதுவாக இருந்தாலும் அழித்துவிடலாம். விண்ணப்பித்த அனைவரையும் தேர்வுசெய்யும் நிறுவனம் உங்களைத் தேர்வுசெய்வதில் எந்தப் பெருமையும் இல்லை.

அரசுத் திட்டங்களிலும் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் தருவதாக அறிவிக்கப்பட்டதும் கல்லூரி முழுக்க அதே பேச்சாக இருந்தது. ஆனால் அது 21 முதல் 24 வயதுக்குட்பட்ட, முழுநேரப் படிப்பிலோ வேலையிலோ இல்லாதவர்களுக்காக, ஓராண்டுப் பயிற்சியாக வகுக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. படிக்கும் மாணவருக்கு அதில் வேலை இல்லை. நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப் பெயர்பெற்றதுதான், ஆனால் ஊதியம் கிடையாது. டெல்லியில் தங்கும் செலவை யார் தருவார் என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். இன்னொன்று: சீனியர்கள் சிலர் இன்னும் கே.வி.பி.ஒய். என்ற அறிவியல் உதவித்தொகையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது 2022-இல் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைத் திட்டத்துடன் சேர்க்கப்பட்டுவிட்டது.

எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது

தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின் நகரும். வரிசை மட்டும் பெரிதாக மாறுவதில்லை.

அக்டோபர், நவம்பரில் முதலில் பார்க்க வேண்டியது அறிவியல் அகாதெமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்திட்டம். பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாதெமி, டெல்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் அகாதெமி, பிரயாக்ராஜில் உள்ள தேசிய அறிவியல் அகாதெமி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. முதலாவது 1934-இல் சர் சி.வி. ராமன் தொடங்கியது. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், பொறியியல் என்று எல்லாத் துறைகளுக்கும் இடம் உண்டு. ஒரே விண்ணப்பம் போட்டால் போதும், நாடு முழுவதும் உள்ள வழிகாட்டிகளில் ஒருவரிடம் இரண்டு மாதத்துக்கு அனுப்பிவைப்பார்கள். கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்துத் தள்ளிவிடாத திட்டம் என்பதால் நம் மாணவர்களுக்கு முதலில் இதையே சொல்வேன். ஆசிரியர்களும் இதில் விண்ணப்பிக்கலாம் என்பது உங்கள் பேராசிரியருக்கே தெரியாமல் இருக்கலாம். சொல்லிவையுங்கள்.

அடுத்தது ஜக்கூர் மையத்தின் கோடைக்கால உதவித்திட்டம். இதே மையம் பி.எஸ்சி. தொடக்க நிலை மாணவர்களுக்கு வேதியியலிலும் உயிரியலிலும் தனித்தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறது. தேர்வானால் ஒரே கோடையோடு முடிந்துவிடாது, தொடர்ந்து சில கோடைகள் அழைப்பார்கள். முதலாம் ஆண்டு மாணவர்கள் "நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்று நினைப்பது இந்த இடத்தில்தான் தவறாகிறது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்திவரும் தேசிய இளநிலை அறிவியல் முன்முயற்சியும் ஆரம்ப ஆண்டுகளில் இருப்பவர்களுக்கானதுதான்.

ஜனவரி வாக்கில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் வருகை மாணவர் திட்டம் வரும். இயற்பியல், வானியல், வேதியியல், உயிரியல், கணினி அறிவியலில் போட்டி கடுமை. முயலலாம், ஆனால் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கணித மாணவர்கள் கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் முகாமை விடவே கூடாது. 1993 முதல் நடந்துவருகிறது, நான்கு வாரம் நீடிக்கும். இது உதவித்தொகைத் திட்டமில்லை, பயிற்சி முகாம்தான். ஆனாலும் சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேறிய ஒருவரை, ஏன் என்று கேட்கும் ஆளாக மாற்றிவிடும் இடம் அது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் கோடையில் மாணவர்களை எடுக்கிறது. எம்.எஸ்சி. முதலாம் ஆண்டு இயற்பியல், வேதியியல் படிப்பவர்கள் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஆறு வாரக் கோடைப் பயிற்சியைத் தேடுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் ஐ.ஐ.டி.க்களின் முறை. சென்னை ஐ.ஐ.டி.யின் கோடை உதவித்திட்டத்தில் பொறியியல் மட்டுமல்ல, மேலாண்மை, அறிவியல், கலைப்புலத் துறைகளும் உண்டு. இறுதியாண்டுக்கு முந்தைய ஆண்டில் இருக்கும் பி.இ. மாணவர்களும், முதலாம் ஆண்டு எம்.எஸ்சி., எம்.ஏ., எம்.பி.ஏ. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆகவே பர்கூர், செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரிகளில் படிப்போருக்கு மூன்றாம் ஆண்டின் பிப்ரவரி முக்கியமான மாதம். காந்திநகர், கான்பூர், ஹைதராபாத், ரூர்க்கி ஐ.ஐ.டி.க்களும் இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன.

பன்னிரண்டாம் வகுப்பில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படித்து, இன்ஸ்பயர் உதவித்தொகை பெறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்குக் கிடைக்கும் 80,000 ரூபாயில் 60,000 உங்கள் படிப்புக்கு. மீதி 20,000 கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்காக ஒதுக்கப்பட்டது. வழிகாட்டியைத் தேடிப் போய் அறிக்கை கொடுப்பது உங்கள் பொறுப்பு. கல்லூரிக்குள்ளேயே ஏதோ ஓர் அறிக்கையை எழுதி ஒப்பேற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு ஒரு நல்ல ஆய்வகத்தின் கதவைத் தட்டாமல் இருப்பது வீண்.

வெளிநாட்டுத் திட்டங்கள் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க், ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை நல்லவை. சில நாடுகளின் திட்டங்கள் குறிப்பிட்ட கல்லூரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கனவு காணுங்கள். பாஸ்போர்ட் மட்டும் இப்போதே எடுத்துவைக்கலாம்.

பரிந்துரைக் கடிதம் என்னும் கண்டம்

விண்ணப்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இது. பல நிறுவனங்களின் இணையதளம் உங்கள் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு நேரடியாக ஓர் இணைப்பை அனுப்பும். அதைத் திறந்து அவர் கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். அந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் விழும். ஆசிரியர் தேர்வுப் பணியிலோ தேர்தல் பணியிலோ இருப்பார். கடைசித் தேதி போய்விடும். உங்கள் விண்ணப்பத்தை யாரும் படித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசித் தேதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே ஆசிரியரைப் பாருங்கள். துறைத்தலைவர்தான் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்களை ஆய்வக வகுப்பில் பார்த்தவர், நீங்கள் கேட்ட ஒரு கேள்வியாவது நினைவில் உள்ளவர் எழுதுவதே நல்லது. போகும்போது ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எடுத்துச் செல்லுங்கள்: உங்கள் பெயர், பதிவெண், இதுவரையான செமஸ்டர் மதிப்பெண்கள், அவரிடம் படித்த பாடங்கள், வகுப்புக்கு வெளியே செய்தவை, திட்டத்தின் பெயர், கடைசித் தேதி. "ஒழுக்கமான மாணவர், கடின உழைப்பாளி" என்ற இரண்டு வரிக் கடிதம் எவருக்கும் உதவாது. அப்படி எழுதும் ஆசிரியரைக் குறை சொல்வதைவிட, எழுதுவதற்கான விவரத்தை அவர் கையில் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

"ஐயா, இணைப்பு வந்துவிட்டதா, ஸ்பேமில் பார்க்க முடியுமா?" என்று ஒரு வாரம் கழித்து நேரில் போய்க் கேளுங்கள். தொந்தரவு செய்வதாக நினைத்துத் தயங்காதீர்கள். இப்படி வந்து நிற்கும் மாணவர்மீது எங்களுக்குக் கோபம் வருவதில்லை. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு வருபவர்மீதுதான் வரும்.

கூடவே துறையிலிருந்து போனஃபைடு சான்றிதழும், முதல்வரிடமிருந்து தடையின்மைச் சான்றும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல்களை ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, அளவைக் குறைத்து வையுங்கள். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம். எழுதித் தேறிவிட்டதைக் குறிப்பிட்டாலே போதும். மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரிலேயே, படிப்பதற்கு ஒழுங்காக இருக்கட்டும். நடிகரின் பெயரோடு பிறந்த தேதியைச் சேர்த்து எட்டாம் வகுப்பில் உருவாக்கிய முகவரியை இத்துடன் ஓய்வுபெற வையுங்கள்.

"ஏன் விண்ணப்பிக்கிறீர்கள்?"

இருநூறு, முந்நூறு சொற்களில் இதற்குப் பதில் எழுதச் சொல்வார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம் என்று ஆரம்பித்து, அப்துல் கலாமை ஒரு வரியில் வணங்கி, நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புவதாக முடிப்பார்கள். படிப்பவர் முதல் வரியிலேயே அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். அவர் தேடுவது இரண்டே விஷயம்: இந்தப் பிள்ளைக்கு உண்மையில் ஏதாவது ஒரு கேள்வி இருக்கிறதா? அந்தக் கேள்வியைப் பின்தொடர ஏதாவது படித்திருக்கிறதா?

கேள்விக்கு நம் மாவட்டங்களில் பஞ்சமில்லை. வேதியியல் மாணவி ஒருவர் இப்படி எழுதலாம்:

"பென்னாகரம் வட்டத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை உண்டு. நிலத்தடி நீரில் உள்ள ஃபுளூரைடே காரணம் என்று பள்ளியில் அறிந்தேன். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகும், ஆற்றுநீர் வராத நாட்களில் எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்துகிறோம். குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. இந்த ஆண்டு பகுப்பாய்வு வேதியியல் தாளில் அயனித் தேர்வு மின்முனையைப் படித்தபோது அந்த அளவு எப்படிக் கண்டறியப்படுகிறது என்று புரிந்தது. ஃபுளூரைடைப் பிடித்து நிறுத்தும் பொருள்கள் எப்படி உருவாக்கப்படுகின்றன, அவை ஏன் சில மாதங்களில் செயலிழக்கின்றன என்பதைக் கற்க விரும்புகிறேன்."

இதில் புகழுரை இல்லை, சபதம் இல்லை. ஓர் ஊர், ஒரு பிரச்சினை, ஒரு பாடம், ஒரு கேள்வி இருக்கின்றன. இதை அப்படியே பெயர்த்து எழுதிவிடாதீர்கள். தருமபுரியிலிருந்து பத்துப் பேர் ஒரே ஃபுளூரைடு கதையோடு போனால் பத்தும் குப்பைக்கூடைக்குத்தான். விலங்கியல் படிப்பவருக்கு அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வயலுக்கு வரும் யானைகள் இருக்கின்றன. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு காட்டுயிர்ச் சரணாலயங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கின்றன. தாவரவியலுக்கு மாம்பழக் கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காயும், மானாவாரிக் கேழ்வரகும் இருக்கின்றன. தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடியே உண்டு. இயற்பியல் மாணவருக்கு ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் பக்கத்து மாவட்டத்தில் இருக்கின்றன. அதை நடத்துவது கோரமங்களாவில் உள்ள வானியற்பியல் நிறுவனமே.

விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். முதலில் தமிழில் யோசித்து எழுதி, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மொத்தமாக எழுதித் தரச் சொன்னால், வழவழப்பான, எவருக்கும் பொருந்தும் ஒரு பக்கம் கிடைக்கும். தேர்வாளர்கள் அந்த வழவழப்பை நாள்தோறும் பார்க்கிறார்கள். இலக்கணப் பிழை திருத்த மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

நேரடியாக விஞ்ஞானிக்கு எழுதுவது

முறையான திட்டங்களைத் தவிர, ஓர் ஆய்வாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதி இடம் கேட்பதும் வழக்கமான முறைதான். ராமன் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் வருகை மாணவர்களை ஆண்டு முழுவதும் எடுப்பதுண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் துறைவாரியாக ஆய்வாளர்களின் பக்கங்கள் இருக்கும். பத்துப் பக்கங்களையாவது பொறுமையாகப் படித்து, உங்களுக்கு ஓரளவேனும் புரியக்கூடிய வேலையைச் செய்யும் நான்கைந்து பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் அண்மையில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தையும் முன்னுரையையும் படியுங்கள். முழுக்கட்டுரையும் புரியாது. புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

கடிதம் நான்கு சிறு பத்திகளுக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் யார், எங்கே, எந்த ஆண்டு படிக்கிறீர்கள் என்பது முதல் பத்தி. அவருடைய வேலையில் எது உங்களை ஈர்த்தது, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வி என்ன என்பது இரண்டாவது. உங்களுக்கு என்ன தெரியும் என்பது மூன்றாவது: செய்த சோதனைகள், கொஞ்சம் பைத்தான், புள்ளியியல், எதுவானாலும் உண்மையாக. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், உதவித்தொகைக்கு வழி உண்டா என்பது கடைசி. பணத்தைப் பற்றிக் கேட்பது அநாகரிகம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஒரே வரியில் கண்ணியமாகக் கேட்கலாம், அவர்களும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். ஒரு பக்கத் தன்விவரத்தையும் மதிப்பெண் பட்டியலையும் இணையுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பெண் விஞ்ஞானிகளுக்கு "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கும் கடிதங்கள் ஏராளமாகப் போகின்றன. இணையப் பக்கத்தில் அவருடைய படமே இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டு, முனைவர் என்ற பட்டத்தோடு பெயரைச் சரியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு ஒன்றாக அனுப்புவதும் கூடாது. எல்லா முகவரியும் மேலே வரிசையாகத் தெரியும், அப்படி வந்ததை யாரும் மதிக்க மாட்டார்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடுங்கள். பதில் இல்லாமை அவமானம் அல்ல, அவர்களுடைய பெட்டி நிரம்பி வழிகிறது.

அழைத்துப் பேசினால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படி யோசிப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும். எதிரில் இருப்பவர் அறிவியலைத்தான் கேட்கிறார். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கன்னடமும் தெலுங்கும் தெரிந்திருப்பது பெங்களூரு ஆய்வகத்தில் எவ்வளவு பெரிய வசதி என்பது போனபிறகுதான் புரியும்.

கலை, வணிகவியல் மாணவர்களுக்கு

வாய்ப்புகள் குறைவு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி கோடைப் பயிற்சிக்கு அதிகபட்சம் 125 மாணவர்களை எடுத்து மாதம் 20,000 ரூபாய் தருகிறது. பொருளாதாரம், வணிகவியல், புள்ளியியல், நிதி, மேலாண்மை, சட்டம் போன்றவற்றில் முதுநிலை படிப்போருக்கும், ஒருங்கிணைந்த படிப்பில் இருப்போருக்கும் உரியது. விண்ணப்பக் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை. பைசுஅள்ளியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக விரிவாக்க மையத்திலும் அரசுக் கலைக் கல்லூரிகளிலும் முதுநிலை படிப்பவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

வரலாறு, தமிழ் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளும் இரு மாவட்டங்களிலும் சிதறிக்கிடக்கும் நடுகற்களும் கண்ணெதிரில் இருக்கின்றன. கோடையில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வு எங்கே நடக்கிறது என்று விசாரித்து, துறைத்தலைவர் மூலம் அனுமதி கேளுங்கள். உதவித்தொகை எதிர்பார்க்க முடியாது, இது இரண்டாவது வகை. ஆனால் தங்குமிடச் செலவில்லாமல் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய அகழாய்வுக் களம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

தேர்வுத் தேதியும் வீட்டுக் கணக்கும்

பெரியார் பல்கலைக்கழகமோ அண்ணா பல்கலைக்கழகமோ, இரட்டைப்படை செமஸ்டர் தேர்வு பல ஆண்டுகளில் மே மாதத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். கோடைத் திட்டங்களோ மே மாதத்திலேயே தொடங்கப் பார்க்கும். இந்த மோதலால் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று எழுதியவர்கள் உண்டு. அதற்குத் தேவை இல்லை. தேர்வு அட்டவணை வந்தவுடன் அதன் நகலை இணைத்து, இன்ன தேதிக்குப் பிறகு வருகிறேன் என்று வழிகாட்டிக்கு எழுதுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மாறாக, கடைசித் தாளுக்கு வராமல் ஆய்வகத்துக்குப் போகும் யோசனை மட்டும் வேண்டாம்.

பணம் விஷயத்தில் ஒரு நடைமுறை உண்மை: உதவித்தொகை முதல் நாளே கையில் வராது. சில இடங்களில் மாத முடிவில், சில இடங்களில் அறிக்கை கொடுத்த பிறகு. பயணப்படியும் டிக்கெட்டைக் காட்டிய பிறகே. எனவே முதல் மாத உணவுக்கும் விடுதி முன்பணத்துக்கும் கொஞ்சம் பணம் வேண்டும். டிக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் கவரில் போட்டு வையுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் வரும் கணக்கு இருந்தால் அதுவே போதும். அந்த ஆயிரத்தை அக்டோபரிலிருந்து எடுக்காமல் விட்டால், முதல் மாதச் செலவு ஏறக்குறைய அதிலேயே அடங்கிவிடும்.

கிருஷ்ணகிரியில் மே, ஜூன் மாதம் மாங்காய் இறங்கும் காலம். தோப்பு வைத்திருப்பவர் வீட்டில் ஆள் தேவைப்படும். தோப்பு இல்லாத வீட்டில், ஓசூர்க் கம்பெனியில் இரண்டு மாதம் ஷிப்டுக்குப் போனால் வரும் சம்பளத்தை எண்ணிப் பார்ப்பார்கள். சில திட்டங்களின் உதவித்தொகை அந்தச் சம்பளத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். இதை மழுப்பாமல் வீட்டில் பேசுங்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இந்த இரண்டு மாதம் எங்கே உதவும் என்று விளக்குங்கள். பெண்பிள்ளைகள் விஷயத்தில் தயக்கம் கூடுதலாக இருக்கும். தேர்வுக் கடிதத்தையும் விடுதி விவரத்தையும் அச்செடுத்துக் காட்டுங்கள். முதல் நாள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் வளாகத்தையும் காப்பாளரையும் காட்டிவிட்டு அனுப்புங்கள். பெங்களூரு என்பதால் அன்றே திரும்பிவிடலாம். வாய்ச் சொல்லைவிட அந்த ஒரு பயணம் அதிகம் பேசும்.

ஓசூரில்தானே வீடு, தினமும் போய்வந்துவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஜக்கூரும் பல்லாரி சாலையும் நகரின் வட கோடியில் இருக்கின்றன. அத்திப்பள்ளியில் தொடங்கும் நெரிசல் உங்கள் நாளைத் தின்றுவிடும். விடுதி கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்காவிட்டால்

ஐந்தாறு இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒன்றும் அமையாமல் போகலாம். காவேரிப்பட்டணம் அருகே பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாவரவியல், நுண்ணுயிரியல் மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு போய்க் கேட்டுப் பார்க்கலாம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்ட நிதி தருகிறது. வழிகாட்டும் ஆசிரியர் மூலம் விண்ணப்பித்தால் நம் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். அதில் செய்த வேலை அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் மூன்றாவது பத்தியாகும்.

போன இடத்தில்

முதல் வாரம் எதுவும் புரியாது. ஆய்வுக் கூட்டத்தில் பேசுவது வேற்றுமொழி போலக் கேட்கும். தினமும் மாலை ஒரு நோட்டில் அன்று செய்தது, புரியாதது என்று தேதியிட்டு எழுதிவைத்தால், கடைசி வாரத்தில் அறிக்கை எழுத அதுவே பாதி வேலையை முடித்துவிடும். உங்களுக்கு அன்றாடம் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் ஒரு பிஎச்.டி. மாணவராகத்தான் இருப்பார். அவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். கருவியை உடைத்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன் அறிக்கையில் வழிகாட்டியின் கையெழுத்து, சான்றிதழ், பின்னாளில் பரிந்துரை எழுதித் தரச் சம்மதமா என்ற ஒரு கேள்வி, இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள். விடுதிப் பாக்கி இல்லை என்ற ரசீதையும் வாங்குங்கள், பல இடங்களில் அதைக் கொடுத்தால்தான் கடைசித் தவணை வரும். ஊர் வந்ததும் அறிக்கையின் நகல் ஒன்றைத் துறை நூலகத்தில் வைத்துவிட்டு, எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், கடிதம் எப்போது வந்தது, பணம் எப்போது வந்தது என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதித் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஜூலை முடிந்தால் அக்டோபருக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.